அக்கா படகு

படகு செல்லூருக்கு வந்த அன்று அந்தச் சந்தில் தறிச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. லாரி உள்ளே நுழைய வழியில்லாமல் பெரிய ரோட்டிலேயே நின்றுகொண்டது. முகேஷ் எங்கிருந்தோ இரண்டு தள்ளுவண்டிகளைக் கொண்டுவந்து சேர்த்துக் கட்டி, படகை அதன்மேல் ஏற்றி, தறிக்காரர்களைக் கூப்பிட்டு இழுக்க வைத்தான். மின்கம்பத்துக்கும் ஒரு வீட்டுப் படிக்கட்டுக்கும் நடுவில் படகு மாட்டிக்கொண்டது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த பெண் ஒருத்தி, "ஏம்ப்பா, வைகையில தண்ணி வரப்போகுதுன்னு எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே?" என்று கேட்க, இழுத்தவர்கள் எல்லாரும் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்த தமிழ்வாணியும் சிரித்தாள். அவள் உள்ளங்கையில் படகின் நீலப் பெயிண்ட் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அது சின்னப் படகுதான். ஏதோ ஒரு அணைக்கட்டுப் படகுத்துறையில் ஓடி ஓய்ந்து, ஓரமாகக் கவிழ்த்துப் போட்டிருந்த பைபர் படகு. முன்பக்கம் மூன்று பேர் உட்காரும் அளவுக்கு ஒரு அறை, இரண்டு கண்ணாடி ஜன்னல், குனிந்து நுழைய ஒரு வாசல். பின்பக்கம் திறந்த இடம். எஞ்சின் இல்லை. எஞ்சின் தூத்துக்குடியில் சர்வீஸுக்குக் கிடக்கிறது என்று முகேஷ் சொன்னான்.

"அக்கா, உனக்குத்தான். மண்டபத்துல வச்சு நீ கேட்டேல்ல?"

அவள் கேட்டது உண்மைதான். தமிழ்வாணி ஆரப்பாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீசியன். நாற்பத்தொரு வயதில் பாதியை ட்யூப்லைட் வெளிச்சத்தில், ஊசியும் கண்ணாடிக் குழாயுமாகக் கழித்தவள். அப்பா மலைச்சாமி இறந்தபோது தம்பி முகேஷ் ஏழாம் வகுப்பு. அன்றிலிருந்து அவனைப் படிக்க வைத்தது, கேட்டரிங் கல்லூரியில் சேர்த்தது, கல்யாணம் முடித்து வைத்தது எல்லாம் அவள்தான். தன் கல்யாணப் பேச்சு வந்து வந்து போனதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. ஒருமுறை குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வழியில், மண்டபம் துறையில் ஒரு அறை வைத்த படகைப் பார்த்தாள். ஒரு பெண் அதன் ஜன்னலோரம் உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தாள். படகு தன்பாட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது. "இப்படி ஒண்ணு இருந்தா நான் வீடே வேணாம்னுட்டுப் போயிருவேன்" என்று தமிழ்வாணி சொன்னாள். சொல்லிவிட்டு மறந்தும் போனாள். தம்பி மறக்கவில்லை என்பதுதான் அவளை உலுக்கிவிட்டது. வாழ்க்கையில் யாரும் அவள் கேட்டதை ஞாபகம் வைத்துக் கொண்டுவந்து தந்ததில்லை.

"தரைதான் மோசம்க்கா. அத மட்டும் மாத்திட்டா படகு புதுசு. ஆள் விட்டா ஏனோதானோன்னு போட்டுட்டுப் போயிருவாங்க. நீ பண்ணுனா சுத்தமா இருக்கும். சாமான் பூரா நான் வாங்கித் தாரேன்."

"எனக்கு என்னடா தெரியும்?"

"உனக்குத் தெரியாததா? போன்ல வீடியோ பாரு. வீட்டு மிக்சிய நீதான பிரிச்சு மாட்டுற."

படகு நின்ற இடம் அவர்களுக்குச் சித்தப்பா முறையாகும் சின்னக்கருப்பனின் தறிக்கூடம். தறிகளை விற்றுவிட்டுச் சும்மா பூட்டிக் கிடந்த கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தமிழ்வாணி பாலத்தைக் கடந்து செல்லூருக்கு நடந்துவிடுவாள். அம்மா முனியாயி தூக்குச்சட்டியில் சோறு கட்டிக் கொடுத்துவிடுவாள்.

முதல் வேலை பழைய தரையைப் பெயர்ப்பது. அறைக்குள் மண்டிபோட்டு, ஒட்டிக்கிடந்த விரிப்பை அவள் இழுத்தாள். பாதி கையோடு வந்தது, மீதி பசையோடு அப்படியே நின்றது. அதைச் சுரண்டி எடுக்கவே இரண்டு ஞாயிறு ஆனது. அதன் கீழே இருந்த பலகை டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி ஊறிப்போயிருந்தது. கையால் அள்ளி அள்ளிச் சாக்கில் போட்டாள். துருப்பிடித்த திருகாணிகள் தலை உடைந்து வர மறுத்தன. பலகை போனபிறகு அடியில் குறுக்குச் சட்டங்கள் தெரிந்தன. தட்டிப் பார்த்தாள். இரண்டு சட்டங்கள் மட்டும் மொத்தென்று சத்தம் கொடுத்தன. அவற்றையும் அறுத்து எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் வைத்தாள்.

படகில் எதுவுமே நேர்கோடாக இல்லை. சுவர் வளைகிறது, அடி வளைகிறது, இடதுபக்க வளைவு வலதுபக்கம் இல்லை. பரிசோதனை நிலையத்திலிருந்து குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப் பெட்டிகளை எடுத்துவந்து, விரித்து ஒட்டி, தரையின் அச்சை அட்டையில் வெட்டிக்கொண்டாள். அதை தண்ணீரில் ஊறாத மரைன் பிளைவுட் பலகையில் வைத்து வரைந்து ஜிக்சா ரம்பத்தால் அறுத்தாள். கை நடுங்காமல் அழகாக அறுத்தாள். தூக்கிக்கொண்டு போனால் அறை வாசலுக்குள் பலகை நுழையவில்லை. வாசலை அவள் அளக்கவே இல்லை. பலகையைச் சுவரில் சாத்திவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து சோற்றைச் சாப்பிட்டாள். சாப்பிடச் சாப்பிடத் தனக்குத்தானே சிரிப்பு வந்தது. பிறகு அதை நடுவில் இரண்டாக அறுத்து, இணையும் இடத்துக்குக் கீழே ஒரு சட்டம் கூடுதலாக வைத்தாள்.

ஒட்டவும் தண்ணீர் புகாமல் பூசவும் வாங்கிய ரெசின் பசை வேறு சோதித்தது. சித்திரை வெயிலில், இறுக வைக்கும் ஹார்டனரை ஊற்றிக் கலக்கிய கொஞ்ச நேரத்தில் மக்கிலேயே இறுகிப் புகைய ஆரம்பித்தது. அதற்கப்புறம் விடியற்காலையில் வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிப் பூசினாள். சட்டங்களின் இரண்டு பக்கமும், பலகையின் மேலே, கீழே, ஓரத்தில், திருகாணி ஓட்டைக்குள் எல்லாம் பூசினாள். ஓரம்தான் தண்ணீர் குடிக்கும் என்று வீடியோவில் ஒருவர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை வேலைக்குப் போனால் கையுறைக்குள் விரல்கள் பிசுபிசுத்தன. "என்னக்கா, வீட்டுக்குப் பெயிண்டா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டால், "இல்ல, படகு" என்று சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

முகேஷ் வாரம் தவறாமல் வந்தான். காளவாசலில் சொந்தமாக மீன் உணவகம் தொடங்கும் வேலையில் அலைந்துகொண்டிருந்தான். அந்த அலைச்சலிலும் வந்தான். இளநீர் வாங்கி வருவான், ஓரமாக நின்று பார்ப்பான், ஏதாவது கேட்பான்.

"அக்கா, இதுமேல பத்துப் பேரு நின்னா தாங்குமா?"

"இதுல எதுக்குடா பத்துப் பேரு? முங்கிரும்."

"சும்மா கேட்டேன்."

இன்னொரு நாள், அடியில் தேங்கும் தண்ணீரை எடுப்பதற்காகத் தரை நடுவில் அவள் ஒரு மூடி வைக்கும்போது நின்று பார்த்தான்.

"மூடி வேணுமாக்கா? ஒரே மட்டமா வழவழன்னு இருந்தா நல்லாருக்கும்ல."

"அடியில தண்ணி எறங்குனா எப்படி எடுக்கிறது?"

"தண்ணி எங்கிட்டுருந்து..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "ஆமா ஆமா. படகுல தண்ணி வரும்ல."

வாசல் விளிம்பைத் தாழ்வாக வைக்கச் சொன்னான், பிள்ளைகள் தடுக்கி விழுமாம். விளக்குக்கு வயர் போக வழி விடச் சொன்னான். ஒருநாள் டேப்போடு ஒரு ஆளைக் கூட்டிவந்து நீளம் அகலம் எல்லாம் அளக்க வைத்தான், இன்சூரன்ஸுக்கு என்றான். தம்பி இவ்வளவு யோசிக்கிறானே என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஆடி பிறப்பதற்கு முன்னால் வேலை முடிந்தது. வழுக்காத சாம்பல் நிற விரிப்பைக் கடைசியாக ஒட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு, அவள் தரைமேல் நடந்து பார்த்தாள். ஒரு இடத்தில்கூட அமுங்கவில்லை, முனகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிரே தறிக்கூடத்துச் சுவர்தான் தெரிந்தது. ஆனாலும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுவாரம் முகேஷ் படகை எடுத்துப் போனான். மண்டபத்துக்குக் கொண்டுபோய்ப் பதிவு செய்ய வேண்டும், எஞ்சின் அங்கேயே வந்துவிடும், எல்லாம் முடிந்ததும் உன்னைக் கூட்டிப்போகிறேன் என்றான். அவள் லீவு சொல்லி வைத்துக்கொண்டாள்.

அதற்குள் உணவகத் திறப்பு விழா வந்துவிட்டது. தமிழ்வாணி புதுச் சேலை கட்டி, அம்மாவோடு ஆட்டோவில் காளவாசலுக்குப் போனாள். பெயர்ப் பலகையைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். வாசலில் வாழைமரம், மேளம், சொந்தக்காரர் கூட்டம். முகேஷ் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், "நீதான் இழுக்கணும்க்கா" என்று ஒரு கயிற்றைக் கையில் கொடுத்தான். அவள் இழுத்தாள். துணி விழுந்தது. "அக்கா படகு - மீன் உணவகம்" என்று இருந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். அவளுக்குக் கண் கலங்கியது. தன் படகையே கடைக்குப் பேராக வைத்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு உள்ளே போனாள்.

கூடத்தின் நடுவில் படகு நின்றது. அடிப்பாகத்தைச் சிமெண்டில் பாதிவரை புதைத்திருந்தார்கள். அறையின் கூரையை எடுத்துவிட்டு விளக்குச் சரம் தொங்கவிட்டிருந்தார்கள். ஏறுவதற்கு மரப்படி. உள்ளே மூன்று சின்ன மேசைகள். பின்பக்கம் இல்லை. எஞ்சின் மாட்ட வேண்டிய பக்கத்தை வெட்டி எடுத்து, படகைச் சுவரோடு சேர்த்து ஒட்டியிருந்தார்கள்.

"பின்பக்கம் எங்கடா?" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

"எடம் பத்தலக்கா. வெட்ட வேண்டியதாப் போச்சு."

"வெட்டுனது எங்க இருக்கு?"

"காயலான் கடைக்குப் போட்டோம். ஏறுக்கா, ஏறிப் பாரு, முத மேசை உனக்குத்தான்."

அவள் ஏறவில்லை. பின்னால் நின்ற முனியாயி, "பாத்து ஏறுத்தா, ரெண்டாவது படி உசரம்" என்றாள். சொல்லிவிட்டு, கை கழுவும் இடம் எங்கே என்று யாரையும் கேட்காமல், சமையலறைக்கு இடப்பக்கம் போய்த் திரும்பி, கை கழுவிக்கொண்டு வந்தாள்.

தமிழ்வாணி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இங்கே முன்பே வந்திருக்கிறாள்.

முகேஷின் மனைவி முத்துச்செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். "பிடிச்சிருக்கா மதினி? இம்புட்டு நாளா உங்ககிட்டச் சொல்லாம வாயக் கட்டி வச்சிருந்தேன் பாருங்க, அதுதான் எனக்குப் பெரும்பாடு. சின்னக்கருப்பன் மாமாவே ரெண்டு தடவ உளறப் பாத்தாரு."

அப்படியானால் சித்தப்பாவுக்கும் தெரியும். படகை இழுத்துவந்த அன்றே தெரியுமா? மாடியிலிருந்து கேலி செய்த பெண்ணைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்ததோ? பத்துப் பேர் நின்றால் தாங்குமா என்று கேட்டது, விளிம்பு தாழ்வாக வேண்டும் என்றது, டேப்போடு வந்த ஆள், எல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்குள் இடம் மாறி உட்கார்ந்தன. நின்ற இடத்திலேயே அவளுக்கு வெட்கமாக இருந்தது. தப்பு செய்தவர்கள் சிரித்துக்கொண்டு நிற்க, தான் ஏன் வெட்கப்படுகிறோம் என்று அவளுக்கே புரியவில்லை. பரிசோதனை நிலையத்தில் எல்லாரிடமும் படகு படகு என்று சொல்லி வைத்திருந்தாள்.

முகேஷ் மைக்கைப் பிடித்து, "இந்தப் படகோட தரை பூரா எங்க அக்கா கையால போட்டது" என்று சொல்லி, அவளுக்குச் சால்வை போர்த்தினான். போட்டோ எடுத்தார்கள். அவள் போட்டோவுக்கு நின்றாள். பந்தியில் உட்காராமல், தலைவலி என்று சொல்லிவிட்டு, சால்வையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் முகேஷ் வீட்டுக்கு வந்தான். முகம் வாடியிருந்தது.

"எல்லாரு முன்னாடியும் சாப்பிடாமப் போயிட்டியேக்கா."

"எஞ்சின் எங்கடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எஞ்சின் இல்லக்கா. அந்தப் படகு தண்ணியில மிதக்காதுன்னு சொல்லித்தான் கழிச்சு விட்டாங்க."

"அது உனக்கு எப்பத் தெரியும்?"

"வாங்கும்போதே."

"அப்ப மண்டபம்?"

"உனக்கு ஒரு சந்தோசமா இருக்கட்டும்னுதான்..."

"என் சந்தோசத்துக்கா? உன் கடைக்குத் தரை வேணும்னு கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்? இதுவரைக்கும் நீ கேட்டு எத மாட்டேன்னுருக்கேன்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா செஞ்சிருப்ப. அது எனக்குத் தெரியாதா?" முகேஷ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். உண்மையாகவே அவளைச் சமாதானப்படுத்தத்தான் அதைச் சொன்னான். "ஆனா ஓட்டலுக்குன்னு தெரிஞ்சிருந்தா இப்படிச் செஞ்சிருக்க மாட்டக்கா. வந்து பாக்குறவுக பூரா அந்தத் தரையத்தான் பேசுறாக. நீ கடலுக்குப் போறோம்னு நெனச்சுப் போட்ட தரைதான்க்கா அது. அதுனாலதான் அப்படி வந்திருக்கு."

அவன் திட்டியிருந்தால், பொய் சொல்லியிருந்தால்கூட அவள் பதிலுக்குப் பேசியிருப்பாள். அவன் சொன்னது சரி என்பதுதான் அவளை அடித்தது. அவள் மனசுக்குள் எது எங்கே இருக்கிறது என்று அவன் தெரிந்து வைத்திருந்தான். அளந்து, அச்செடுத்து, வேண்டியதை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"போடா" என்றாள். "இப்பப் போயிரு."

அவன் போனபிறகு முனியாயி அடுப்படியிலிருந்து பேசினாள். "அவன் பொழைக்கணும்ல. இதுக்குப் போயி இம்புட்டுக் கோவமா? கழுத்துல கெடக்குறத வித்துட்டானா, காச எடுத்துட்டு ஓடிட்டானா?"

"ஒனக்கு எப்ப இருந்து தெரியும்?"

"மொதல்ல இருந்தே சொன்னான். ஒனக்கு அதிர்ச்சியா, ஆனந்தமா இருக்கட்டும்னு சொல்ல வேணாம்னான்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் வாராவாரம் எனக்குச் சோறு கட்டிக் குடுத்தியாம்மா?"

முனியாயி கரண்டியைச் சட்டியில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கடை நன்றாக ஓடியது. காளவாசல் வழியாக பஸ்ஸில் போகும்போது வாசலில் கூட்டம் நிற்பதைத் தமிழ்வாணி பார்ப்பாள். ஜன்னலை விட்டுத் திரும்பிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழக்கத்தில் விடியற்காலையிலேயே விழித்துவிடுவாள். போவதற்கு எங்கும் இல்லாமல் படுத்திருப்பாள். வேலை செய்யும் இடத்தில் ஒருத்தி, "அக்கா, படகு எப்பக் கடலுக்குப் போகுது?" என்று கேட்டபோது, "வித்துட்டோம்" என்றாள்.

தீபாவளி கழிந்து ஒருநாள் முகேஷ் வந்தான். உட்காராமல் வாசலிலேயே நின்றான். மழைக்காலம் வந்ததிலிருந்து படகுக்குள் நாற்றம் அடிக்கிறது என்றான். மேசை கழுவும் தண்ணீரும் சிந்தும் குழம்பும் எப்படியோ தரைக்குக் கீழே இறங்கித் தேங்கியிருக்கிறது.

"மூடியத் தெறந்து தொடைச்சு எடு. அதுக்குத்தான வச்சேன்" என்றாள்.

"மூடிமேலதான்க்கா நடு மேசை நிக்குது. அடியோட போல்ட் போட்டு, அதுமேல விரிப்பு ஒட்டியாச்சு. வந்த ஆளுக தரையவே ஒடைக்கணும்ங்கிறாங்க. எங்க எந்தச் சட்டம் இருக்குன்னு உனக்குத்தான தெரியும். நீ வந்தா சேதாரம் இல்லாமத் தெறந்துரலாம்."

அவள் கொடியில் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, இந்தத் தடவ கேட்டுட்டேன். மறைக்காம, நேரா வந்து கேக்குறேன். கேட்டா செய்வேன்னு நீதான சொன்ன?"

அவன் குரல் சின்ன வயதில் பரீட்சைக் கட்டணம் கேட்கும்போது இருந்த மாதிரியே இருந்தது. அந்தக் குரலுக்கு அவள் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. இப்போதும் உடம்பு எழுந்துவிடத்தான் பார்த்தது. ஜிக்சா பரணில் இருக்கிறது, அரை நாள் வேலை என்று மனம் கணக்குப் போட்டேவிட்டது.

"மாட்டேன்டா" என்றாள்.

"அக்கா..."

"அப்பச் செஞ்சிருப்பேன். இப்ப மாட்டேன். ஆள வச்சுப் பாத்துக்க."

முகேஷ் அவள் வேறு ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தான் போல. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முனியாயி மகளோடு இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகன் வீட்டுக்குப் போய்த் தங்கினாள், பிறகு தானாகவே திரும்பி வந்தாள். வந்த அன்று இரவு தமிழ்வாணிக்குச் சோறு போட்டுக்கொண்டே தானாகச் சொன்னாள்.

"தரைய ஒடைச்சு எடுத்துட்டாக. இனி டைல்ஸ் போடப் போறானாம்."

தமிழ்வாணி சோற்றைப் பிசைந்தாள்.

"மூணு ஆளு, ரெண்டு நாளு. பலகை வருவேனான்னுச்சாம். கீழ சட்டத்த எடுக்கவே முடியலையாம். அம்புட்டு உறுதியா ஒட்டியிருக்குன்னு அந்த ஆளுக சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாகளாம். கடேசில அத அப்படியே விட்டுட்டு மேல சிமெண்ட ஊத்திட்டாக. இத யாரு போட்டதுன்னு கேட்டிருக்காக."

"என்ன சொன்னான்?"

"எங்க அக்கான்னு சொன்னானாம்."

சட்டம் அசையவில்லை என்று கேட்டதும் தமிழ்வாணியின் நெஞ்சு தன்னையறியாமல் நிமிர்ந்தது. விடியற்காலையில் மண்டிபோட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ரெசின் கலக்கி, ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு பக்கமும் பூசியதெல்லாம் ஞாபகம் வந்தது. அப்படிப் பெருமைப்பட்டதற்காக அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. தம்பிமேல் வந்ததைவிட அது அதிகமாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தவா?" என்று அம்மா கேட்டாள்.

"போதும்" என்று சொல்லிவிட்டு, பாதித் தட்டோடு எழுந்து கை கழுவப் போனாள்.